பந்தியில இலை போட்டதுக்கப்புறம்தான் ஊசி: டைப் ஒன் சுகர தினமும் ஓட்டுறது எப்படி

சித்தப்பா பொண்ணு கல்யாணம். முதல் பந்தில உக்காரப் போறோம்னு நெனச்சு 6 யூனிட் இன்சுலின் போட்டுட்டேன், அப்புறம் பாத்தா மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள முதல்ல உக்கார வச்சுட்டாங்க, "நம்ம ஆளுங்க அடுத்த பந்திம்மா"ன்னு பெரியம்மா சொல்லிட்டுப் போய்ட்டாங்க. 35 நிமிஷம். காஞ்சிபுரம் புடவை முதுகுல ஒட்டிக்கிச்சு, வேர்வை, கை நடுக்கம், எதிர்ல பேசிட்டிருந்த அத்தை வாய் அசையுது ஆனா ஒண்ணும் மண்டைல ஏறல. சுகர் மீட்டர் 52ன்னு ரொம்ப கம்மியா காட்டுச்சு. சமையல்கட்டுக்குள்ள நேரா போய் அண்ணா கொஞ்சம் சர்க்கரை குடுங்கன்னு கேட்டு வாங்கி வாயில கொட்டிக்கிட்டேன், அங்கிருந்த மாஸ்டர் இந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தாரு.

அன்னைக்கு நான் போட்ட டோஸ் தப்பே இல்ல, கல்யாண சாப்பாட்டுக்கு 6 கம்மிதான். நேரம்தான் தப்பு. 13 வயசுல எனக்கு இது வந்துச்சு, இப்ப 31, இந்த 18 வருஷத்துல என் சுகர் எகிறினது இறங்கினது எல்லாத்தையும் திரும்பிப் பாத்தா பாதிக்கு மேல நேரக் கோளாறுதான், என்ன சாப்பிட்டேங்கிறது ரெண்டாவது. அதனால நேரத்த வச்சே இத எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, இங்க வர்ற கணக்கெல்லாம் உதாரணத்துக்கு, உங்க டோஸ் எவ்வளவுன்னு உங்க டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

புதுசா வந்தவங்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கு வந்திருக்கிறது தாத்தா பாட்டிக்கு வர்ற சுகர் இல்ல. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே கணையத்துல இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்லுங்கள அழிச்சிடுச்சு, அதனால வெளிய இருந்து இன்சுலின் போட்டே ஆகணும். பாகற்காய் ஜூஸ், வெந்தயம், சிறுகுறிஞ்சான் பொடின்னு யாராவது கொண்டு வருவாங்க, அன்பா வாங்கிக்கோங்க, ஆனா ஊசிய மட்டும் நிறுத்திடாதீங்க. 1922 ஜனவரில டொரோண்டோவுல லியோனார்ட் தாம்சன்ங்கிற 14 வயசு பையனுக்குத்தான் முதன்முதலா இன்சுலின் போட்டாங்க, அதுக்கு முன்னாடி டைப் ஒன் வந்த புள்ளைங்களுக்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி போட்டு கொஞ்ச நாள தள்ளிப் போடுறதுதான். இந்த ஒரு விஷயத்த எங்க பெரியம்மாகிட்ட சொன்னதுக்கப்புறம் வீட்டுக்கு பொடி டப்பா வர்றது நின்னுச்சு.

சரி, ஊசி ரெண்டு வகை. ஒண்ணு நாள் பூரா மெதுவா வேலை செய்யுற பேசல், லேண்டஸ், ட்ரெசிபா மாதிரி, நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் கல்லீரல் விடாம ரத்தத்துல சர்க்கரை விட்டுக்கிட்டே இருக்கும், அத சமாளிக்கத்தான் இது. இன்னொண்ணு சாப்பாட்டு ஊசி, போலஸ்னு சொல்லுவாங்க, நோவோரேபிட், ஹியூமலாக் மாதிரி. இந்த வேகமான ஊசி கூட போட்ட உடனே வேலை செய்யாது, 10-15 நிமிஷம் கழிச்சுதான் ஆரம்பிக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல போய்தான் உச்சத்துக்கு வரும், 4 மணி நேரம் போல உள்ள இருக்கும். ஆனா இட்லி அதுக்கெல்லாம் காத்திருக்காது, வாயில வச்ச கொஞ்ச நேரத்துலயே சர்க்கரையா மாற ஆரம்பிச்சிடும். அதனால வீட்டுல சாப்பிடுறப்ப 15 நிமிஷம் முன்னாடி போட்டா ரெண்டும் ஒண்ணா சேரும், சாப்பிட்டு முடிச்சுட்டு போட்டா ஊசி முழிக்கிறதுக்குள்ள சுகர் 250 தாண்டிடும், அப்புறம் ரெண்டு மணி நேரம் கழிச்சு திடீர்னு இறங்கும். பழைய ரெகுலர் இன்சுலின் போடுறவங்களுக்கு இது அரை மணி நேரம்.

ஆனா சாப்பாடு எப்ப வரும்னு உங்க கைல இல்லாத இடத்துல இந்த 15 நிமிஷ கதையே வேணாம். கல்யாண மண்டபம், ஓட்டல், ஆபீஸ் லஞ்ச், மாமியார் வீடு, எங்கயும் சோறு கண்ணுல பட்டதுக்கப்புறம்தான் ஊசி. கொஞ்சம் ஏறும், ஏறட்டும், மண்டபத்துல மயங்கி விழுறதுக்கு அது எவ்வளவோ மேல். அப்புறம், ஊசி போட பாத்ரூமுக்கு ஓடாதீங்க, அந்த ஈரத்துலயும் நாத்தத்துலயும் என்னத்த போடுறது, இலை முன்னாடி உக்காந்தே போடுங்க, புடவை கட்டினவங்களுக்கு இடுப்பு கைக்கெட்டுற தூரத்துலதான் இருக்கு. பக்கத்து இலைக்காரங்க ஒரு நிமிஷம் பாப்பாங்க, அப்புறம் அப்பளம் வந்துடும்.

எவ்வளவு போடுறதுங்கிறதுக்கு கார்ப், அதாவது மாவுச்சத்து கணக்கு தெரிஞ்சுக்கணும், அதுக்கு ஒரு சின்ன கிச்சன் தராசு வாங்கிடுங்க, நான் செஞ்ச செலவுலயே உருப்படியான செலவு அதுதான். எங்க வீட்டு இட்லி ஒண்ணு 45 கிராம் எடை, அதுல கார்ப் சுமாரா 11 கிராம். ஓட்டல் இட்லி பெருசா இருக்கும், சில இடத்துல ஒண்ணு நம்ம ரெண்டுக்கு சமம். வடிச்ச சோறு 100 கிராமுக்கு 28 கிராம் கார்ப், ஒரு கரண்டின்னு சொன்னா ஒண்ணுமே தெரியாது, அம்மா போடுற ஒரு கரண்டிக்கும் நானே போட்டுக்குற ஒரு கரண்டிக்கும் அவ்வளவு வித்தியாசம். ரெண்டு வாரம் தராசுல வச்சு வச்சு சாப்பிட்டா கண்ணு பழகிடும், அதுக்கப்புறம் தராசு தேவையில்ல. கேழ்வரகு, கம்பு, சாமைனா சுகர் ஏறாதுன்னு ஒரு நம்பிக்கை நம்ம ஊருல இருக்கு, நானும் நம்பி ஒரு கோடை பூரா ஊசி கம்மியா போட்டு கேழ்வரகு கூழ் குடிச்சிருக்கேன், மாவுல இருக்கிற கார்ப் அரிசிக்கு கிட்டத்தட்ட சமம்தான், அதுலயும் நைஸா அரைச்சு கூழா குடிச்சா விறுவிறுன்னு ஏறும்.

ஒரு யூனிட்டுக்கு எத்தன கிராம்னு பாக்க 500 கணக்குன்னு ஒண்ணு சொல்லுவாங்க. ஒரு நாளைக்கு மொத்தமா, பேசலும் போலஸும் சேத்து, 40 யூனிட் போடுறீங்கன்னா 500ஐ 40ஆல வகுங்க, 12.5 வரும், அதாவது ஒரு யூனிட் சுமாரா 12 கிராம் கார்ப்ப சமாளிக்கும். நாலு இட்லி 44 கிராம், அப்ப மூணரைல இருந்து 4 யூனிட், சாம்பார் நெறய ஊத்திக்கிட்டா பருப்புக்கும் கொஞ்சம் சேத்துக்கணும். ஏறி இருக்கிறத இறக்க 1800 கணக்கு, 1800ஐ 40ஆல வகுத்தா 45, ஒரு யூனிட் போட்டா 45 பாயிண்ட் இறங்கும். இது ஆரம்பப் புள்ளிதான், சில பேருக்கு காலைல ஒரு யூனிட் 8 கிராமுக்குத்தான் வரும் சாயந்திரம் 14 கிராமுக்கு வரும், எழுதி வச்சுப் பாத்து டாக்டர்கிட்ட காட்டி சரி பண்ணிக்கணும்.

பரோட்டா, பிரியாணி, பொரிச்ச ஐட்டம் எல்லாம் வேற கதை. கொழுப்பு வயித்துல இருந்து சாப்பாட்ட மெதுவாத்தான் வெளிய விடும், அதனால சாப்பிட்ட ரெண்டு மணி நேரத்துல மீட்டர் 130 காட்டும், ஆஹா நாம ஜெயிச்சுட்டோம்னு படுத்தா ராத்திரி 1 மணிக்கு 290. ஊசி ஓடி முடிஞ்சதுக்கப்புறம்தான் பரோட்டா வந்து சேருது. இதுக்கு டோஸ ரெண்டா பிரிச்சு பாதி சாப்பிடுறப்பவும் பாதி ஒண்ணரை ரெண்டு மணி நேரம் கழிச்சும் போடச் சொல்லி என் டாக்டர் சொல்லிக்குடுத்தாரு, எனக்கு அது ஒத்து வருது, உங்களுக்கு எப்படின்னு கேட்டுட்டு பண்ணுங்க.

நேரத்த மறந்தா வர்ற இன்னொரு பெரிய தப்பு ஊசி மேல ஊசி. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல 240 இருக்கேன்னு பதறி 3 யூனிட், இன்னும் இறங்கலையேன்னு முக்கா மணி நேரத்துல இன்னொரு 3 யூனிட், ஆனா முதல்ல போட்டதே இன்னும் பாதிக்கு மேல உள்ள வேலை செஞ்சுட்டிருக்கு, மூணும் சேந்து ஒண்ணா இறக்கினா நேரா 45க்கு போய்டுவோம். அதனால கடைசி ஊசி போட்டு 3 மணி நேரம் ஆகாம சரி பண்ற ஊசி போடுறதில்லன்னு ஒரு கட்டுப்பாடு வச்சிருக்கேன், கை துறுதுறுன்னு வரும், தண்ணி குடிச்சுட்டு பத்து நிமிஷம் நடந்துட்டு வந்து உக்காந்துக்குவேன்.

லோ பத்தி நெறய சொல்லணும். 70க்கு கீழ போனா லோ, 54க்கு கீழ போனா அவசரம். உடனே 15 கிராம் வேகமான சர்க்கரை, அதாவது 3 டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கலக்கி குடிக்கலாம், இல்ல 3 டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர். சாக்லேட், பால், பிஸ்கட் இதெல்லாம் அப்ப ஆகாது, கொழுப்பும் மாவும் இருக்கிறதால ரத்தத்துக்கு போய்ச் சேர நேரமாகும், நமக்கு அப்ப ஒவ்வொரு நிமிஷமும் பெருசு. 15 நிமிஷம் கழிச்சு திரும்ப குத்திப் பாருங்க, இன்னும் 70க்கு கீழன்னா இன்னொரு 15 கிராம். சொல்றதுக்கு ஈஸி, ஆனா லோ வந்தா வர்ற அந்தப் பசி இருக்கே, அது சாதா பசி இல்ல, மூளை செத்துடுவோம்னு கத்துது. ராத்திரி 2 மணிக்கு 58ன்னு எந்திரிச்சு அடுப்படி இருட்டுல மூணு ஸ்பூன் சர்க்கரை, அப்புறம் தட்டுல இருந்த முறுக்கு, அப்புறம் வாழைப்பழம், அப்புறம் மிச்சம் இருந்த ரவா லட்டு ரெண்டு, காலைல எந்திரிச்சா 310. இப்ப கட்டில் பக்கத்துல டப்பால குளுக்கோஸ் பவுடர 15 கிராமா பொட்டலம் கட்டி வச்சிருக்கேன், அடுப்படிக்கு போறதே இல்ல, வாயில கொட்டிட்டு போன்ல 15 நிமிஷ அலாரம் வச்சுட்டு கட்டில்லயே உக்காந்திருப்பேன். அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்தா, சுகர் ஏறினதுக்கப்புறம் ரெண்டு பிஸ்கட், அவ்வளவுதான்.

வீட்டுல இருக்கிறவங்க கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டியது, நமக்கு நினைவு தப்பிடுச்சுன்னா வாயில எதையும் ஊத்தக்கூடாது, புரையேறி மூச்சுக்குழாய்க்குள்ள போய்டும். ஒருக்களிச்சு படுக்க வச்சுட்டு, சுகர ஏத்துற குளுக்ககான் ஊசி கைல இருந்தா போட்டுட்டு, 108க்கு போன். இன்சுலின் மட்டும் போடவே கூடாது, இதையும் தனியா சொல்லி வைங்க, சுகர் பேஷண்ட் மயங்கிட்டாங்கன்னா இன்சுலின் போடணும் போலன்னு நெனைக்கிறவங்க நெஜமாவே இருக்காங்க.

மீட்டர்ல குத்துறதுக்கு முன்னாடி கை கழுவுங்க. இது ஏதோ சுத்தபத்தம் சொல்லிக்குடுக்கிறேன்னு நெனைக்காதீங்க. போன மே மாசம் பங்கனப்பள்ளி வெட்டி எல்லாருக்கும் குடுத்துட்டு, பாவாடைல கைய துடைச்சுட்டு குத்தினா 284. அதுக்கு 4 யூனிட் டயல் பண்ணி ஊசிய கைல எடுத்துட்டேன், அப்புறம் என்னமோ தோணி சோப்பு போட்டு கழுவி துடைச்சு இன்னொரு விரல்ல குத்தினா 131. விரல்ல ஒட்டியிருந்த மாம்பழச் சாறுதான் மிச்சம் 153. அந்த 4 யூனிட் போட்டிருந்தா 180 பாயிண்ட் இறங்கியிருக்கும், 131ல இருந்து 180 போனா என்ன மிச்சம்னு நீங்களே போட்டுப் பாருங்க. விரல் நுனி நடுவுல குத்தாம ஓரத்துல குத்துங்க, வலி கம்மி.

கைல சுகர் பாக்குற சென்சார் ஒட்டிக்கிறவங்களுக்கும் நேரக் கணக்கு இருக்கு. அது ரத்தத்துல இருந்து அளக்கல, தோலுக்கு அடியில இருக்கிற நீர்ல இருந்து அளக்குது, ரத்தத்தோட சுகர விட 5-10 நிமிஷம் பின்னாடி வரும். அதனால லோக்கு சர்க்கரை சாப்பிட்டப்புறம் சென்சார் இன்னும் இறங்குற அம்புக்குறிதான் காட்டும், அத பாத்து மேல மேல சாப்பிடாதீங்க, அந்த நேரத்துல விரல்ல குத்திப் பாக்குறதுதான் சரி. சென்சார் இருக்கிற கை மேலயே அழுந்தப் படுத்தாலும் பொய்யா லோ காட்டி ராத்திரி எழுப்பி விடும். சென்சார் வாங்க வசதி இல்லன்னா ஒண்ணும் குறைஞ்சு போயிடல, நான் முதல் 14 வருஷம் ஸ்ட்ரிப் மட்டும்தான், எழுந்ததும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னாடியும், படுக்கிறதுக்கு முன்னாடியும் பாத்து நோட்டுல எழுதினா போதும், வாரத்துல ஒரு நாள் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சும் பாருங்க.

நம்பர் எங்க இருக்கணும்னா பொதுவா 70ல இருந்து 180க்குள்ள, ஒரு நாள்ல 70 சதவீத நேரம் அதுக்குள்ள இருந்தாலே நல்லா ஓட்டுறீங்கன்னு அர்த்தம், மூணு மாச சராசரிய காட்டுற எச்பிஏ1சி டெஸ்ட் சுமாரா 7 வரும். 100 சதவீதம் யாருக்கும் வராது. ஒரு நாள் நம்பர பாத்து டோஸ மாத்தாதீங்க, ஒரே நேரத்துல மூணு நாள் ஒரே மாதிரி வந்தா அப்ப யோசிங்க, அதுவும் ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க, பேசலையும் போலஸையும் சேத்து மாத்திட்டா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாது.

காலைல எந்திரிச்சதும் 200ங்கிறது நெறய பேரு புலம்பல். ராத்திரி நாலு இட்லிதானே சாப்பிட்டேன்னு இட்லிய திட்டாதீங்க. விடிகாலைல உடம்பு நம்மள எழுப்புறதுக்கு கார்ட்டிசோல், குரோத் ஹார்மோன்லாம் விடும், அதுங்க சுகர ஏத்தும். ரெண்டு மூணு நாள் 3 மணிக்கு அலாரம் வச்சு எந்திரிச்சு பாருங்க. 3 மணிக்கு நல்லா இருந்து காலைல ஏறி இருந்தா இந்த விடிகாலை ஏத்தம், 3 மணிக்கே 60ல இருந்தா பேசல் அதிகம், அப்ப காலை நம்பர பாத்து பேசல கூட்டினா இன்னும் மோசமாயிடும். ராத்திரி படுக்கும்போதே 220 இருந்து அப்படியே காலை வரைக்கும் இருந்தா அது ராத்திரி சாப்பாட்டோட பாக்கி. மூணும் காலைல ஒரே நம்பரத்தான் காட்டும், 3 மணி குத்தல்தான் பிரிச்சுக் காட்டும். பொண்ணுங்களுக்கு பீரியட்ஸ் வர்றதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியும் காரணமே இல்லாம ஏறும், நோட்டுல தேதியையும் குறிச்சு வைங்க, எங்கிட்ட இத எந்த டாக்டரும் பத்து வருஷம் சொல்லல.

நடை, ஓட்டம், ஷட்டில் இதெல்லாம் ஆடுறப்ப இறங்குறது தெரியும், ஆனா சாயந்திரம் நல்லா ஆடினா ராத்திரி தூங்குறப்பவும் இறங்கும், தசை தன்கிட்ட காலியான சர்க்கரைய நிரப்பிக்க ராத்திரி பூரா ரத்தத்துல இருந்து உறிஞ்சிக்கிட்டிருக்கும், அன்னைக்கு படுக்கும்போது சுகர் கொஞ்சம் கூடவே இருக்கட்டும். சரக்கடிச்சாலும் இதே ஆபத்து, கல்லீரல் சர்க்கரை விடுறத நிறுத்திடும், வெறும் வயித்துல வேணவே வேணாம். வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க, 90க்கு கீழன்னா ஏதாவது சாப்பிட்டு ஏறினதுக்கப்புறம் சாவிய எடுங்க.

மருந்துக் கடை விஷயம் ஒண்ணு, இது உயிர் போற விஷயம். நம்ம ஊருல பாட்டில்ல வர்ற இன்சுலின் பெரும்பாலும் ஒரு எம்எல்லுக்கு 40 யூனிட், பேனா மாதிரி இருக்கிற பென்ல வர்றது 100 யூனிட். சிரிஞ்சும் ரெண்டு இருக்கு, சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. ஒரு தடவை கடைல மாத்திக் குடுத்துட்டாங்க, நான் மூடி கலர பாத்து திருப்பிக் குடுத்தேன், அவரு எல்லாம் ஒண்ணுதாம்மான்னாரு. ஒண்ணு இல்ல. பென் ரிப்பேர் ஆச்சேன்னு அதுல இருக்கிற 100 யூனிட் மருந்த சிவப்பு மூடி சிரிஞ்சுல உறிஞ்சி 10ன்னு போட்டா உள்ள போறது 25.

பென்ல போடுறப்ப முதல்ல 2 யூனிட் காத்துல அடிச்சு சொட்டு வருதான்னு பாருங்க, போட்டுட்டு 10 எண்ணிட்டு ஊசிய எடுங்க. ஒரே இடத்துல போட்டுக்கிட்டே இருந்தா வலி இல்லாம சுகமா இருக்கும், அதுதான் பொறி, அங்க கொழுப்பு கட்டி கட்டியா உருண்டுக்கும், அதுல போட்ட மருந்து ஒரு நாள் ஏறும் ஒரு நாள் ஏறாது. காரணமே இல்லாம சுகர் ஆடுதுன்னா முதல்ல வயித்த தடவிப் பாருங்க. எனக்கு தொப்புளுக்கு இடது பக்கம் எலுமிச்சம்பழம் சைஸுல இருந்துச்சு, அத விட்டு தள்ளி போட ஆரம்பிச்சதும் அதே டோஸுக்கு லோ வர ஆரம்பிச்சுது, இடம் மாத்துறப்ப டாக்டர்கிட்ட கேட்டு டோஸ குறைச்சுக்கோங்க.

பிரிக்காத இன்சுலின் பிரிட்ஜுல 2ல இருந்து 8 டிகிரி, பிரீசர்ல வச்சு உறைஞ்சு போச்சுன்னா தூக்கிப் போட்டுடணும், உருகினாலும் ஆகாது. பிரிச்சது வெளிய பெரும்பாலும் 28 நாள், ட்ரெசிபா 8 வாரம், மார்க்கர்ல பிரிச்ச தேதிய பென்லயே எழுதிடுங்க. ஆனா வெளியங்கிறது 30 டிகிரிக்குள்ள, கத்திரி வெயில்ல திருச்சில எங்க வீட்டு ஹாலே 36. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில வச்சுட்டு பேங்க்குக்குள்ள போய்ட்டு வந்தேன்னா அந்தப் பென்ன மறந்துடலாம். பிரிட்ஜ் இல்லாதவங்க பெரிய மண் சட்டில ஈர மணல் போட்டு அதுக்குள்ள சின்ன மண் பானைய வச்சு மருந்த உள்ள வச்சு மூடலாம், தண்ணி தெளிச்சுக்கிட்டே இருந்தா நல்லாவே குளிர்ச்சியா இருக்கும்.

காய்ச்சல், வாந்தி வந்தா எல்லாரும் பண்ற தப்பு, சாப்பிடவே இல்லையே ஊசி எதுக்குன்னு நிறுத்துறது. பேசல் ஊசிய எந்தக் காரணத்துக்கும் நிறுத்தக்கூடாது, உடம்பு சரியில்லாதப்ப சாப்பிடாமயே சுகர் ஏறும். இன்சுலின் இல்லன்னா உடம்பு கொழுப்ப எரிச்சு கீட்டோன உண்டாக்கும், அது ரத்தத்த அமிலமாக்கிடும். 250க்கு மேல இருந்தா யூரின்ல கீட்டோன் ஸ்ட்ரிப் விட்டுப் பாருங்க, 2-3 மணி நேரத்துக்கு ஒரு தடவை சுகர் பாருங்க, தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்க. கீட்டோனும் இருந்து வாந்தியும் நிக்கலன்னா, வயிறு வலி, மூச்சு வாங்குது, வாயில பழ வாடைன்னா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, உடனே கேஷுவாலிட்டி. அங்க போய் வயிறு வலின்னு மட்டும் சொல்லாதீங்க, டைப் ஒன், கீட்டோன் இருக்குன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க, நான் ஒரு இடத்துல வெறும் வயித்து வலின்னு சொல்லி ஒரு மணி நேரம் பெஞ்சுல உக்காந்திருந்தேன்.

ஸ்கூல் போற புள்ளைங்க இருந்தா கிளாஸ் டீச்சருக்கும் பக்கத்து பெஞ்சு புள்ளைக்கும் லோனா எப்படி இருக்கும்னு சொல்லி வைங்க. பரீட்சை ஹாலுக்குள்ள சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணி கொண்டு போக சிபிஎஸ்இ 2017லயே அனுமதி குடுத்துடுச்சு, மத்த போர்டு புள்ளைங்களுக்கு டாக்டர் லெட்டரோட ஹெட்மாஸ்டர முன்கூட்டியே பாத்துடுங்க.

கடைசியா பை. மீட்டர், ஸ்ட்ரிப், பென், ரெண்டு ஊசி கூடுதலா, குளுக்கோஸ் பொட்டலம் மூணு, டைப் ஒன்னு எழுதி வீட்டு நம்பர் போட்ட ஒரு அட்டை. மாசத்துக்கு ஒரு தடவை குளுக்கோஸ் பொட்டலத்த பிரிச்சுப் பாத்து மாத்திடுங்க, மழைக்காலத்துல கல்லா இறுகிடும், வெயில் காலத்துல நமக்கு முன்னாடி எறும்பு கண்டுபிடிச்சிடும்.